நூறு சொல்லில் என் அண்ணன்

நூறு சொல்லுக்குள் ஒரு விஷயத்தைச் சொல்லி முடிப்பது எவ்வளவு பெரிய பாடு என்பது எழுதிப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும், சார். நீங்கள் பொறுமைசாலி. எவ்வளவு வேண்டுமானாலும் பேசு, அவசரமில்லை என்கிறீர்கள். அமெரிக்கப் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கிறவனுக்கு அந்தத் தாராளம் கிடைப்பதில்லை.

எந்தச் சத்தம் கேட்டால் நீ திரும்பிப் பார்ப்பாய்? ஒரு கதவு எங்கு வேண்டுமானாலும் திறக்குமென்றால் எங்கே திறக்கட்டும்? உன் பையில் எப்போதும் இருக்கும் பொருள் எது? இப்படி நாலைந்து கேள்விகள். பார்த்தால் விளையாட்டுப் போல இருக்கும். ஆனால் மதிப்பெண்தான் எல்லோரிடமும் இருக்கிறதே, ஆளைப் பொறுக்குவது இதை வைத்துத்தான். தேறினால் படிப்பு, சாப்பாடு, விமான டிக்கெட் வரை அவர்கள் பொறுப்பு. தேறாவிட்டால் நானும் ஒயூகி அண்ணனைப் போல எங்கள் ஹோமா பே ஊரில் வாடகைக்கு மோட்டார் பைக் ஓட்ட வேண்டியதுதான். அண்ணன் அதைக் கேவலமாக நினைத்ததில்லை. நான் நினைத்தேன்.

முதலில் உண்மையைத்தான் எழுதினேன். சத்தம், ஏரியின் அலை. கதவு, ஒரு நூலகம். பையில், பேனா. படித்துப் பார்த்தால் உப்புச் சப்பில்லை. எங்கள் வாழ்க்கையில் சொல்லிக்கொள்ளும்படி எதுவும் நடக்கவில்லை, அதற்கு நான் என்ன செய்ய? அப்பாகூட வயதாகி, படுக்கையில், சாதாரணமாகத்தான் செத்துப்போனார்.

அதனால் அண்ணனைச் சாகடித்தேன். காகிதத்தில் சொல்கிறேன். அவனை மீனவனாக்கி, ஏரியில் மூழ்கவைத்து, உடல் கிடைக்கவில்லை என்று எழுதினேன். உடல் கிடைக்காதவனுக்கு எங்கள் லுவோ ஜனங்கள் என்ன செய்வார்கள் என்று உங்களுக்குத் தெரியும். யாகோ மரத்தின் காய், கை நீளம் இருக்கும், நல்ல கனம். அதைத் துணியில் சுற்றி, அவன் உடலுக்குப் பதிலாகக் குழி தோண்டிப் புதைப்பார்கள். அதையும் எழுதினேன். சத்தம், அவன் துடுப்பின் சத்தம் ஆனது. கதவு ஏரியின் அடியில் திறந்தது. எல்லாப் பதில்களும் ஒன்றோடொன்று சேர்ந்துகொண்டன. எழுதி முடித்து நானே அழுதேன், சார். என்னைக் கல்நெஞ்சன் என்று சொல்கிறார்களாம், அதனால் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அண்ணனிடம் மறைக்கவில்லை. அவனிடம் மறைக்கிற பழக்கம் எனக்கு இல்லை. நம் பாஷையில் படித்துக் காட்டினேன்.

"செத்துட்டனா நான்? எப்படா?"

"போன வருஷம்."

"எனக்குத்தான் நீச்சலே தெரியாதே, நான் ஏன்டா படகுல ஏறினேன்?"

"நீச்சல் தெரியாததாலதான் செத்தே."

விழுந்து விழுந்து சிரித்தான். அம்மா காதில் மட்டும் விழாமல் பார்த்துக்கொள் என்றான். அம்மா சந்தையில் பொடிக் கருவாடு விற்கிறவள், இந்த மாதிரி விஷயங்களில் ரொம்பப் பயம். அதன் பிறகு நான் தண்ணீர் கேட்டால், செத்தவன் எப்படிடா எழுந்து தண்ணீர் கொடுப்பான் என்பான். நல்ல சுபாவம் அவனுக்கு.

அக்டோபரில் நேர்முகத்துக்குக் கூப்பிட்டார்கள். கிசுமுவில் டாக்டராக இருக்கும் நியாபோகே என்ற அம்மா அந்தப் பல்கலைக்கழகத்தின் பழைய மாணவி. அவர் வீட்டில் வைத்துத் தேநீர் கொடுத்துப் பேசினார். என் பதில்களைப் பற்றிப் பேச்சு வந்ததும் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டார். அவருடைய தம்பியை ஆறு கொண்டுபோயிருந்தது.

"எங்க கிசி ஆளுங்களுக்கு அந்த வழக்கம் இல்ல, ஓவிட்டி. அவனுக்குன்னு நாங்க எதையுமே புதைக்கலை. உங்க அண்ணன் இருக்கிற இடத்துல நான் கொஞ்ச நேரம் நிக்கலாமா?"

எப்படி முடியாது என்பது? வாருங்கள் என்றேன். என் அம்மா தாங்கமாட்டாள், குழியை மட்டும் பார்த்துவிட்டுப் போங்கள் என்றும் சொன்னேன். ஜனவரியில் வருவதாகச் சொன்னார்.

குழி வேண்டுமே. கரையோரத்தில் அப்பா விட்டுப்போன துண்டு நிலம் சும்மா கிடந்தது. அண்ணன்தான் தோண்டினான். என் நீளத்துக்கு இது போதாதுடா, கஞ்சத்தனம் பண்ணாதே என்று கிண்டல் செய்துகொண்டே தோண்டினான். துணி சுற்றிய காயைக் கையில் வாங்கியதும், நீயே போடுடா என்று என்னிடம் கொடுத்துவிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டான். அன்று வீட்டில் உகாலிக் களியைப் பிசைந்துவிட்டு அப்படியே வைத்துவிட்டான்.

அடுத்த வாரம் செம்மண் பாதையில் பைக் சறுக்கி அவனுக்குத் தோள்பட்டை எலும்பு உடைந்தது. பைக் ஓட்டுகிறவனுக்கு இதெல்லாம் சகஜம் என்று எவ்வளவோ சொன்னேன். கையில் கட்டோடு திண்டாடிக்கொண்டு ஒரு நாள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"எனக்குப் பயமா இருக்குடா தம்பி. அந்தக் குழி என்னைக் கூப்பிடுது. மாமாகிட்ட சொல்லி, முறைப்படி பெரியவங்களை வச்சு எடுத்துடலாம்."

"ஊருக்கே தெரிஞ்சிடுமேண்ணே. என் இடம் போயிடும்."

"போகாது. அந்த டாக்டரம்மாகிட்ட நானே போறேன். நான்தான் உன்னை இப்படி எழுதச் சொன்னேன்னு சொல்லிடறேன். பழி எம்மேல வரட்டும், உனக்கென்ன."

நிஜமாகவே போயிருப்பான், சார். எனக்கு அதுதான் கவலையாகப் போயிற்று. காசுக்கு மசிகிறவனாக இருந்தால் எதையாவது கொடுத்து வாயை அடைக்கலாம். இவன் என் நன்மைக்காகவே பேசப் போகிறவன்.

நான் நிதானமாக யோசித்தேன். பதிலில் ஒரு தேதி தவறிப்போனால் எழுத்துப் பிழை என்று சொல்லிவிடலாம். செத்தவன் என்று எழுதப்பட்டவன் தோளில் கட்டோடு வந்து வாசலில் நின்றால் அதற்கு என்ன பிழை என்று சொல்வது? இதற்கு நீங்களாவது ஒரு வழி சொல்லுங்கள் பார்ப்போம்.

ஆகவே அவனிடம், பெரியவர்கள் வேண்டாம், நாமே காயைத் தோண்டி எடுத்து ஏரியின் ஆழத்தில் போட்டுவிடுவோம், எல்லாம் கழிந்துவிடும் என்றேன். அவன் முகம் தெளிந்ததை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். என் தலையைத் தட்டி, படிச்சவன் படிச்சவன்தான்டா என்றான்.

காலையில் பக்கத்து வீட்டுப் படகை எடுத்துக்கொண்டு போனோம். காயைக் குழந்தையை வைத்திருப்பது போல மடியில் வைத்துக்கொண்டு, படகின் விளிம்பை விடாமல் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான். போதும், இங்கேயே போடலாம் என்று நான் சொன்னதும் எழுந்து நின்றான். நான் இடம் மாறி உட்கார்ந்தேன். படகு சாயும் என்று எனக்குத் தெரியும். விழுந்தவன் நல்ல கையால் விளிம்பைப் பிடித்துக்கொண்டான். என்னை மேலே இழு என்று கேட்கவில்லை. நீ விழுந்துடாதடா, உட்காரு, உட்காரு என்று சொன்னான். நான் உட்கார்ந்துகொண்டு அவன் விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டேன். அடிக்கவில்லை. அந்த நேரத்தில் துடுப்பை நான் தொடவே இல்லை. துடுப்பால் அடித்திருப்பேன் என்று ஏதோ எழுதியிருக்கிறீர்கள், அதைத் திருத்திவிடுங்கள்.

உடல் கிடைக்கவில்லை. மாமா முறைப்படி யாகோ காய் கொண்டுவந்தார். அம்மா அதைக் கீழே வைக்க விடவில்லை. நான்தான் பேசிப் பேசி அவள் கையிலிருந்து வாங்கினேன். என்னை விட்டால் அவளுக்கு இனி யார் இருக்கிறார்கள் என்று எல்லோரும் சொன்னார்கள். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

சொன்னபடி ஜனவரியில் நியாபோகே அம்மா வந்தார். வெகுநேரம் குழியருகே நின்றார். அதோடு போயிருக்கலாம். என் அம்மா பாயில் சுருண்டு கிடப்பதைப் பார்த்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டு, எப்போது நடந்தது என்று கேட்டார். யாரும் கேட்கிற கேள்விதான். எனக்கு ஏனோ அது தோன்றாமல் போயிற்று.

"போன மாசம்தாம்மா. உடைஞ்ச கையோட போனான் எம்புள்ள."

அந்த அம்மா நிமிர்ந்து என்னைப் பார்த்தார். தேதி எழுதும்போது தவறிவிட்டது என்று சொன்னேன். அவர் வெளியே வந்து காரில் ஏறும்போதுதான் ஒன்று சொன்னார். 

"அக்டோபர்ல நீ என் வீட்டை விட்டுப் போன அன்னிக்கே எழுதி அனுப்பிட்டேன், இந்தப் பையனைச் சேத்துக்குங்கன்னு. நான் இங்க வந்தது என் தம்பிக்காக. பல்கலைக்கழகத்துக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது."

அங்கிருந்து நேராக உங்கள் போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்திருக்கிறார். எனக்கு அவர்மேல் வருத்தமில்லை.

என் அண்ணன் ஒயூகியை நான்தான் கொன்றேன். நீங்கள் கேட்டபடி ஒரே வரியில் சொல்லிவிட்டேன், எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். எனக்கு ஒரே ஓர் உதவி செய்யுங்கள், சார். பல்கலைக்கழகத்துக்கு நீங்கள் எழுதும்போது, அந்தப் பதில்களில் இப்போது ஒரு பொய்கூட இல்லை என்று தெரியப்படுத்துங்கள். என் இடத்தை அவசரப்பட்டு வேறு யாருக்காவது கொடுத்துவிடப் போகிறார்கள்.