பிளேடு எடுத்துக் கொடுப்பவள்

பிளேடு வாங்குகிறவர்கள் நீளத்தைப் பார்க்கிறார்கள், பல்லைப் பார்ப்பதில்லை. எங்கள் பட்டறையில் பல் பார்ப்பது என் வேலை, மேடம். அவர் தச்சர், நான் அவர் மனைவி.

பெரிய பல் மரத்துக்கு. வேகமாக அறுக்கும், ஓரம் பிசிறடிக்கும். பொடிப் பல் இரும்புக்கு. வளைவு அறுக்க ஒடுங்கிய பிளேடு. மைக்கா ஒட்டிய பலகைக்கு மட்டும் பல் கீழ்நோக்கி இருக்கும் பிளேடு போடுவோம், மைக்கா பெயராது. ஆனால் அது முரட்டுப் பிளேடு. மற்றதெல்லாம் கையில் பிடித்து அறுக்கிற ஜிக்சா மெஷினைப் பலகையோடு இழுத்து வைக்கும், இது மேலே எத்தும். பலகையை மேசையோடு சேர்த்துக் கிளாம்பில் இறுக்கிவிட்டு, இரண்டு கையாலும் அமுக்கிப் பிடிக்க வேண்டும். இதெல்லாம் எனக்குத் தெரியும் என்று எழுதிக்கொள்ளுங்கள். பாவம், தெரியாமல் செய்துவிட்டாள் என்று பிறகு யாரும் சொல்லக் கூடாது.

அவர் கையை நீட்டுவார். நான் பிளேடைக் கொடுப்பேன். பார்க்காமலே மாட்டுவார். பக்கத்துக் கடை வெல்டருக்கு அது எப்போதும் கேலிதான். "உனக்குக் கண்ணு மூஞ்சில இல்லய்யா, உன் பொண்டாட்டி கையில இருக்கு." எனக்கு அதைக் கேட்கப் பிடிக்கும்.

அவரிடம் ஒரு கெட்ட பழக்கம். சின்னத் துண்டு என்றால் கிளாம்பு போட மாட்டார். இடது கையால் மரத்தைப் பிடித்துக்கொண்டு வலது கையால் அறுப்பார். தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்தியிருக்கிறேன். "இத்துனூண்டு துண்டுக்குக் கிளாம்பா?" என்பார்.

அப்புறம் அவருடைய அக்கா வீட்டுக்காரர் போன் செய்தார், வெளிநாட்டில் வேலை இருக்கிறது என்று. "மூணே வருஷம். கண்ண மூடித் தொறக்கறதுக்குள்ள ஓடிரும்" என்றார் இவர். கண்ணை மூடித் திறந்து பார்த்தவள் நான். போன தடவை அவர் அங்கே இருந்தபோதுதான் எங்கள் மகள் பிறந்தாள். தனியாகப் பெற்றேன். பல் முளைக்கும் முன்பே போய்விட்டாள், தனியாகப் புதைத்துவிட்டு வந்தேன். போனில் அவர் அழுதார். பாதியில் லைன் அறுந்துவிட்டது. மறுநாள்தான் அவரால் திரும்பக் கூப்பிட முடிந்தது. அந்த மாதிரி இரவுகளை இன்னும் மூன்று வருடம் என்னால் தாங்க முடியாது, மேடம். காலில் விழுந்து சொன்னேன். "பைத்தியமா உனக்கு?" என்று தலையைத் தடவிவிட்டுப் பெட்டி கட்ட ஆரம்பித்தார்.

அன்றைக்கு ஒரு நாற்காலிக் கால். சின்னத் துண்டு, வெறும் மரம். கையை நீட்டினார். நான் மைக்காவுக்குப் போடுகிற அந்தக் கீழ்ப் பல் பிளேடைக் கொடுத்தேன்.

நான் நினைத்தது பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு காயம், கொஞ்ச நாள் கட்டு, பயணம் தள்ளிப்போகும். மெஷின் எகிறியதும் அவர் உடம்போடு சாய்ந்து அடக்கப் பார்த்தார். அது இடது கையில் இறங்கியது. இரண்டு விரல் துண்டாகிவிட்டது, மற்ற இரண்டுக்கு நரம்பு போனது. துண்டான விரல்களைச் சீக்கிரம் கொண்டுவந்தால் ஒட்டிப் பார்க்கலாம் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். ஓடினேன். பட்டறைக் கதவைச் சாத்திக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். ஆஸ்பத்திரிக்குத் திரும்பிப் போய், கிடைக்கவில்லை என்றேன். மரத்தூளில்தான் கிடந்தன. நான் குனியவே இல்லை.

அதற்குப் பிறகு வந்த மாதங்கள் எங்கள் வாழ்க்கையிலேயே நல்ல மாதங்கள். சட்டைப் பொத்தானை நான் போட்டுவிட்டேன், முதுகு தேய்த்துவிட்டேன். "நீ அவ்ளோ சொல்லியும் கேக்கல பாரு, எல்லாம் என் திமிரு" என்று அவர் என் மடியில் அழுதார். நானும் அழுதேன். அது நடிப்பில்லை.

இப்போது ஒழுங்காக அறுக்கிறார். எவ்வளவு சின்னத் துண்டானாலும் கிளாம்பு. "ஒரு கையும் ரெண்டு கிளாம்பும் இருந்தாப் போதும், வர்றேன்னு மச்சான்ட்ட சொல்லிட்டேன்" என்றார் போன வாரம், சந்தோஷமாக.

ஒற்றைக் கையால் கிளாம்பை முறுக்க வராது. அதனால் அதையும் நான்தான் முறுக்குகிறேன். பிளேடும் நான்தான் கொடுக்கிறேன். இன்னமும் அவர் பார்ப்பதில்லை. நேற்று ஒரு கிளாம்பைப் பாதி முறுக்கிவிட்டு நின்றேன். பிறகு முழுக்க முறுக்கிவிட்டேன். நான் கெட்டவள் இல்லை. அதனால்தான் நானாகவே ஸ்டேஷனுக்கு வந்தேன்.

வழக்கு என்று வந்தால் அடிபட்டவர் சாட்சி சொல்ல ஊரிலேயே இருந்தாக வேண்டும் என்று வெல்டர் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார். உண்மைதானே? மூன்று வருடமாவது இழுக்கும் இல்லையா? கையெழுத்து எங்கே போட வேண்டும் என்று காட்டுங்கள். இன்னும் ஒன்றே ஒன்று மட்டும் கேட்க வேண்டும், மேடம். உள்ளே இருக்கிற பெண்களை வாரத்துக்கு எத்தனை தடவை வீட்டுக்காரர் வந்து பார்க்கலாம்?