நனையாத பெட்டி

சிலிக்கான் பசையை மோந்து பார்த்துத்தான் வாங்க வேண்டும், இன்ஸ்பெக்டர் துவான். வினிகர் வாடை அடித்தால் அது குளியலறைக்கு மட்டும்தான் ஆகும். மின்கம்பி இருக்கும் பெட்டிக்குள் பூசினால் மூன்றே வாரத்தில் செம்பு பச்சை பூத்துவிடும். கூவா ஊர்க் கடைத்தெருவில் இரண்டு வகையும் ஒரே அலமாரியில்தான் இருக்கின்றன. உங்கள் வீட்டுக்கு வாங்கும்போது பார்த்து வாங்குங்கள்.

நீங்கள் அலிஸ்டரைப் பற்றிக் கேட்டீர்கள். அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

என் பெயர் டோர்ஸ்டன். ஜெர்மனியில், கீல் நகரத்தில், இருபத்தாறு வருடம் லிஃப்ட் பழுதுபார்த்தவன். ஓய்வு பெற்றுப் பாய்மரப் படகில் இந்த லங்காவித் தீவுக்கு வந்து ஒன்பது வருடமாகிறது. எஞ்சின் இறுகிப்போய் ஐந்து வருடமாக என் படகு துறையை விட்டு நகரவில்லை. நகர்த்த வேண்டும் என்று எனக்குத் தோன்றவும் இல்லை. நான் வந்ததற்கு அடுத்த வருடம் அலிஸ்டர் வந்து பக்கத்தில் படகைக் கட்டினார். ஸ்காட்லாந்துக்காரர், மனைவியை இழந்தவர், சிரித்தால் துறை முழுக்கக் கேட்கும். தினமும் காலையில் ஸைத்தோன் அக்கா கடையில் எங்கள் இருவருக்கும் ரொட்டி சானாய், தே தாரிக் டீ. ஆறு வருடம் அப்படிப் போனது. எனக்கு வேறு யாரும் கிடையாது. இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

பிறகு தென்னாப்பிரிக்காவில், டர்பன் நகரத்தில் இருக்கும் அவர் மகள் கிர்ஸ்டிக்குக் குழந்தை பிறந்தது.

"யோவ் லிஃப்டு, நான் கெளம்பப் போறேன்யா," என்றார், ரொட்டியைப் பருப்பில் தோய்த்துக்கொண்டே. "பேத்தி மொகத்தப் பாக்கணும். ஒத்தையாவே கடலத் தாண்டிருவேன்."

"பிளேன்ல போய்த் தொலையேன்யா."

"படகுக்காரன் பிளேன்ல போய் எறங்குனா பேத்தி மதிப்பாளா?"

"அம்பது நாளு தூங்காம யாரு சுக்கான் புடிப்பா?"

"அதுக்குத்தான் நீ இருக்கியே. ஒரு பொட்டி செஞ்சு குடு."

தானியங்கிச் சுக்கான் பெரிய வித்தை அல்ல. திசைகாட்டி திசையைச் சொல்லும். பெட்டிக்குள் இருக்கும் மின்பலகை மோட்டாரை இடமா வலமா என்று ஏவும். மோட்டார் சுக்கானைத் தள்ளும். எனக்கு வேண்டியிருந்தது ஒரு லாரி வைப்பர் மோட்டாரும் சாப்பாட்டு டப்பா அளவுக்கு ஓர் அலுமினியப் பெட்டியும்தான். கம்பி நுழையும் துளைகளைப் பெட்டியின் அடியில் போட வேண்டும். கம்பியைக் கொஞ்சம் தொங்கவிட்டு, பிறகு மேலே ஏற்ற வேண்டும். வழிந்து வரும் தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிப் போய்விடும். இவ்வளவும் ஒழுங்காகச் செய்துவிட்டு, உள்ளே வினிகர் வாடைப் பசையைப் பூசினேன்.

இரண்டு வாரம் கழித்து, ஜனவரியில் கிளம்பினார். ஒன்பதாம் நாள் கையால் சுக்கான் பிடித்தபடியே திரும்பி வந்தார். உள்ளங்கை முழுக்கக் கொப்புளம். நான்தான் மருந்து போட்டேன். பெட்டியைச் சரிசெய்து முடிப்பதற்குள், படகை மேற்கே தள்ளும் வாடைக்காற்று ஓய்ந்துவிட்டது. அடுத்த ஜனவரி வரை அவர் இருந்தாக வேண்டும். ஒரு வருடக் காலைகள், துவான்.

மறுமுறை பசை நல்ல பசை. பேட்டரியிலிருந்து வரும் கம்பியை மட்டும் பாதிப் பருமனில் போட்டேன். அமைதியான கடலில் ஓடும். அலை அடித்து மோட்டார் திணறினால் மின்னழுத்தம் விழுந்து பலகை மயங்கிவிடும். ஆறாம் நாள் வந்துவிட்டார். என்மேல் கோபப்படவே இல்லை. ஆனால் ஸைத்தோன் அக்கா கடையில் வைத்து ஒன்று சொன்னார்.

"உன் பொட்டி இன்னொரு தடவ படுத்துச்சுன்னா படக வித்துட்டு பிளேன் ஏறிருவேன்யா. பேத்தி நடக்க ஆரம்பிச்சிட்டா. மதிச்சா மதிக்கட்டும், மதிக்காட்டி போகட்டும்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். பெட்டி ஓடினாலும் போவார், நின்றாலும் போவார். நான் இல்லாத ஊரில் இதே சிரிப்பைச் சிரிக்கப் போகிறார். வயிறு எரிந்தது என்றே எழுதிக்கொள்ளுங்கள்.

அதற்கடுத்த ஜனவரிக்காகச் செய்த மூன்றாவது பெட்டியில் எல்லாமே சரியான பருமன், சரியான பசை. கூடவே, அவர் கேட்காத ஒன்றையும் சேர்த்தேன். கடலில் தனியாகப் போகிறவர்கள் இடுப்பு வாரைப் படகில் மாட்டிக்கொண்டுதான் நடமாடுவார்கள். தவறி விழுந்தால், தானியங்கி படகை நேர்த்தியாக ஓட்டிக்கொண்டு போய்விடும், திருப்ப ஆள் இருக்காது. அதற்காக, மணிக்கட்டில் கட்டிக்கொள்ளும் ஒரு வில்லை செய்தேன். அது படகை விட்டு விலகினால் பெட்டிக்குத் தெரிந்துவிடும். உடனே சுக்கானைத் திருப்பிப் படகைக் காற்றுக்கு எதிரே நிறுத்திவிடும்.

தீவுக்கு வெளியே போய்ச் சோதித்தோம். நான் பாய்மரத்தடியில் கைகட்டி நின்றேன். அவர் தொப்பென்று கடலில் குதித்தார். படகு தானாகத் திரும்பி, பாய் படபடக்க, நின்றுவிட்டது. நீந்தி வந்து ஏணியில் ஏறினார்.

"அடப்பாவி, நாய்க்குட்டி மாதிரி நிக்குதுய்யா. இனிமே எனக்கு எதுக்கு இந்தச் சங்கிலி?"

இடுப்பு வாரைக் கழற்றி உள்ளே கொக்கியில் மாட்டினார். நான் கழற்றச் சொல்லவில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

லிஃப்ட் வேலையில் ஒரு வழக்கம் உண்டு. கதவு மூடாவிட்டால் லிஃப்ட் நகராது. பழுதுபார்க்கும்போது மட்டும் அந்த இணைப்பில் ஒரு துண்டுக் கம்பியைச் சொருகி, கதவு மூடித்தான் இருக்கிறது என்று நம்பவைப்போம். வேலை முடிந்ததும் அதைக் கழற்ற வேண்டும், மறந்தால் ஆள் போய்விடும். அதனால் அந்தத் துண்டு எப்போதும் சிவப்பாக இருக்கும். வீட்டுக்குப் போகுமுன், அது திரும்பி வந்துவிட்டதா என்று சட்டைப் பையைத் தட்டிப் பார்த்துக்கொள்வோம்.

கிளம்பும் நாள் காலையில் அவர் பாஸ்போர்ட்டில் முத்திரை வாங்கத் துறைமுக அலுவலகத்துக்குப் போனார். நான் அவர் படகில் ஏறி, பெட்டியின் நாலு திருகையும் கழற்றி, ஓர் அங்குலச் சிவப்புக் கம்பியைச் சொருகினேன். வில்லை எங்கே போனாலும், அது பக்கத்தில்தான் இருக்கிறது என்று பெட்டி இனி நம்பும். ரப்பர் வளையத்துக்கு கிரீஸ் தடவி, மூடியைத் திரும்பப் பொருத்தித் திருகுகளைக் குறுக்காக மாற்றி மாற்றி இறுக்கினேன். அவர் வந்து என்னைக் கட்டிக்கொண்டார். கயிற்றை அவிழ்த்துவிட்டதும் நான்தான்.

அவர் விழுவார் என்று எனக்கு எப்படித் தெரியும்? தெரியாது. தினமும் காலையில் ஒரு கையில் காபியோடு படகின் பின்விளிம்பில் நின்று சிறுநீர் கழிப்பது அவர் வழக்கம் என்பது மட்டும் தெரியும். எட்டு வருடம் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன்.

பதினாறாம் நாள் இலங்கைக்குத் தெற்கே மீனவர்கள் அந்தப் படகைப் பார்த்தார்கள். பாய் விரித்து, திசை பிசகாமல், ஆளில்லாமல் போய்க்கொண்டிருந்ததாம். இடுப்பு வார் கொக்கியில் காய்ந்து தொங்கியதாம்.

கிர்ஸ்டி குழந்தையோடு இங்கே வந்தாள். "அப்பா ஏன் இடுப்பு வார மாட்டிக்கல, டோர்ஸ்டன்? பொட்டி வேல செஞ்சுதா இல்லயா?" என்று கேட்டாள்.

"கடைசி வரைக்கும் நல்லா செஞ்சுதும்மா," என்றேன். அவள் என் தோளில் சாய்ந்து அழுதாள். குழந்தை என் விரலைப் பிடித்துக்கொண்டது.

சற்று முன்பு, இலங்கையிலிருந்து அனுப்பிவைத்த இந்தப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு நீங்கள் கேட்டீர்கள்: "சோதன பண்ணும்போது போட்ட கம்பி. கழட்ட மறந்துட்டீங்க, அப்படித்தானே?" நல்ல மனசோடுதான் கேட்டீர்கள். ஆமாம் என்றால் இன்றே வீட்டுக்குப் போகலாம் என்று எனக்கும் புரிகிறது. ஆனால் இருபத்தாறு வருடத்தில் ஒரு துண்டைக்கூட நான் மறந்துவிட்டு வந்ததில்லை. சோதனை நடந்தபோது அந்தக் கம்பி அதில் இல்லவே இல்லை. அவர் போன பிறகு திரும்பி வரக்கூடாது, போய்ச் சேரவும் கூடாது என்றுதான் சொருகினேன். பதினாறு நாள் கடலில் கிடந்த பெட்டி. உள்ளே ஒரு சொட்டு ஈரம் இருக்கிறதா பாருங்கள். மறதிக்காரன் செய்த வேலையா இது?

தண்ணீரில் விழுந்ததும் அவர் பதறியிருக்க மாட்டார். லிஃப்டு செய்த பெட்டி, இதோ நிற்கும், இதோ திரும்பும் என்று மிதந்தபடி பார்த்துக்கொண்டே இருந்திருப்பார். என்மேல் அவ்வளவு நம்பிக்கை வேறு யாரும் வைத்ததில்லை, துவான்.