பண்ணை வீட்டு நாற்காலி

நாகப்பட்டினம் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் ஒரு கணவனும் மனைவியும். "டிவியில எம்பேரு வந்திருக்கவே வேணாம்" என்று அவர் சொன்னதும்தான் காது கொடுத்தேன்.

"புதுப் படத்தப் பத்திப் பேச வந்த டைரக்டரு உங்களப் புகழத்தானேங்க செஞ்சாரு?" என்றார் மனைவி.

"புகழ்ந்தாருதான். கூலி உசத்திக் கேட்டவங்களப் பண்ணையாரு கட்டிவச்சு அடிச்ச கதையச் சொன்னது நான்தான்னு ஊர் பேரோட சொல்லிட்டாரே. நாம உழுவுறது அந்தப் பண்ணை நெலம். குத்தகைக்கு ஒரு சீட்டு கெடையாது, வெறும் வாய்ப்பேச்சு. நாத்து விட்டாச்சு. நடவுக்கு விடுவாங்களான்னு தெரியல."

"பண்ணையாரு மவன் காலையில கூப்பிட்டு விட்டாரே, திட்டுனாரா?"

"இல்ல. நல்லாத்தான் பேசுனாரு. காபி குடுத்தாரு. நாற்காலி போட்டு உக்காரச் சொன்னாரு."

"நாற்காலியா?" அந்த அம்மாவின் குரல் இறங்கிவிட்டது. "இத்தன வருஷத்துல அந்த வீட்டுல நம்மள யாரும் உக்காரச் சொன்னதில்லையே. நீங்க என்ன பண்ணுனீங்க?"

அவர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு சொன்னார்.

"ஏதோ நெனப்புல உக்காந்துட்டேன்."