வாப்பாக்க சத்தம்

— கத்தாதீங்க சபீர் காக்கா, போன் ஸ்பீக்கர்ல இருக்கு, மெதுவா பேசுங்க. வாப்பாவும் உம்மாவும் அடுத்த ரூம்லதான் ஒறங்குதாவ.

— நான் எங்கட்டி கத்துனேன்? நீதான் அழுதுட்டு கெடக்க. எனக்க தங்கச்சில்லா, மூக்கச் சிந்திட்டு ஒழுங்கா சொல்லு ரிஃபா. ஸ்க்ரீன்ல என்ன தெரியுது?

— எல்லாம் செவப்புக் கட்டம். நான் எடிட் பண்ணுன வீடியோல ஒவ்வொரு துண்டுலயும் பைல் காணலன்னு எழுதிருக்கு. சாயங்காலம் வர நல்லாத்தான் ஓடிச்சு.

— சாயங்காலத்துக்குப் பொறவு என்ன செய்த?

— ஒண்ணும் செய்யல.

— ரிஃபா.

— லேப்டாப்ல எடம் இல்லன்னு வந்துது. அதான்… பழைய வீடியோ எல்லாத்தயும் அழிச்சேன். வாப்பா பேசுத எடத்தயெல்லாம் வெட்டி வரிசையா ஒட்டியாச்சே, இனி முழுசு எதுக்குன்னு நெனச்சேன்.

— அட படச்சவனே! ரீசைக்கிள் பின்ல கெடக்குமே?

— அதயும் காலி பண்ணிட்டேன். நீங்கதான் அன்னைக்கு சொன்னிய, எடம் வேணும்னா அதயும் காலி பண்ணணும்னு.

— சொன்னேன்தான், என்னச் சொல்லணும். ஏட்டி, நீ வெட்டி ஒட்டுனது வீடியோ இல்ல. எந்த வீடியோல எந்த நிமிஷம்னு ஒரு குறிப்பு, அவ்வளவுதான். பலசரக்குச் சீட்டு மாதிரி. சீட்டு ஒனக்க கையில, சாமான் கடையில. நீ கடைய இடிச்சிப் போட்ட.

— இத மொதல்லயே சொல்லியிருக்கலாம்லா!

— புதுசா படிக்குத எல்லாவனும் ஒருக்கா இப்படிச் செய்வான். இங்க ஷார்ஜால ஒரு கல்யாணத்தயே நான் தொலச்சிருக்கேன். மாப்ளைக்க மாமா ஸ்டுடியோக்குள்ள செருப்போட தொரத்துனாரு.

— சிரிப்பு காட்டாதீங்க. எனக்குப் பயமா இருக்கு.

— செரி, செரி. எக்ஸ்போர்ட் பண்ணுனியா? ஒரே படமா ஆக்கி சேவ் பண்ணுவோம்லா, அது?

— இல்ல. கடைசில பேரு போடணும்னு விட்டு வச்சிருந்தேன்.

— கருங்கல் டவுண் கடைல பழைய வீடியோ கேசட்ட மாத்தித் தந்தாவளே, அந்த பென்டிரைவ்?

— அத அழிச்சிட்டுதான் ஸ்கூல் புராஜெக்ட் ஏத்துனேன். கேசட்டெல்லாம் பூஞ்ச புடிச்சிருக்குன்னு உம்மா போன நோம்புக்கே தூரப் போட்டாச்சு.

— அப்ப லேப்டாப்ப அணச்சிப் போடு. அதுல புதுசா ஒண்ணும் ஏத்தாத. அழிச்சத எடுக்கதுக்கு தக்கலைல ஆளு உண்டு. கிட்டும்னு வாக்குத் தரமாட்டேன், பாக்கலாம்.

— எப்பப் பாக்க? நாலு மணிக்கு கார் வந்துரும். திருவனந்தபுரத்துல காலைல ஆபரேஷன். தொண்டைல உள்ள கட்டியோட சேத்து சத்தம் வாற எடத்தயும் எடுத்துருவாவளாம். அதுக்குப் பொறவு வாப்பாக்குச் சத்தமே கெடையாது காக்கா.

— இப்பவே எழுப்பி பேசச் சொல்லி போன்ல ரெக்கார்டு பண்ணேன்.

— என்ன சத்தம் இருக்கு இப்ப? மூணு மாசமா வெறும் காத்துதான் வருது. தொறமுகத்துல மீன் ஏலம் விளிச்சா படகுல நிக்கியவனுக்கும் கேக்குமே, அந்த மனுசன் இப்ப தண்ணி வேணும்னா டம்ளரத் தட்டுதாவ. நீங்க ஒருக்காவது விளிச்சிருந்தா தெரிஞ்சிருக்கும்.

— ம்.

— அந்த வீடியோ ஒண்ணுலயும் வாப்பாக்க மொகம் இல்ல, தெரியுமா? கேமரா அவிய கையிலதான். சத்தம் மட்டும்தான். 'ரிஃபா, வெயில்ல நிக்காத மோளே.' 'சபீரே, தங்கச்சிய அலைல எறங்க விடாத.' ஒங்க பேருதான் கூடுதலா வருது. முப்பத்தாறு தடவ.

— அத எண்ணுனியா நீ?

— வெட்டும்போது பொறாமைல எண்ணுனேன்.

— போ ஏட்டி…

— காக்கா, இப்ப ஒருக்கா வாப்பாட்ட பேசுங்களேன். அவியளால பதில் சொல்ல முடியாது. நீங்க சொன்னாக் கேப்பாவ.

— 'எனக்கு இப்படி ஒரு மோன் இல்ல'ன்னு சொன்னாவ ரிஃபா. எனக்க பெரிய தங்கச்சி இர்ஷாதாக்க நிக்காஹ் அன்னைக்கு, பந்தல்ல அத்தன பேருக்க முன்னால, போன்ல நான் கேக்க. லீவு கிட்டாதது எனக்க குத்தமா?

— ஒங்கள வாசல்ல பாத்துட்டே இருந்தும் நீங்க வராத கோவம் அது. மூணு வருஷமாச்சு.

— அத விடு. நீ எதுக்கு இந்த வீடியோ செய்யப் போன?

— நாளைக்கு முழிச்சி வாயத் தொறப்பாவல்லா, ஒண்ணும் வராதுல்லா. அப்ப காதுக்கிட்ட வச்சி, 'பாருங்க வாப்பா, ஒங்க சத்தம் எங்கயும் போவல, எனக்கிட்ட பத்திரமா இருக்கு'ன்னு சொல்ல நெனச்சேன். இப்ப நானே இல்லாம ஆக்கிட்டேன்.

— அழாத. அழாத மக்கா. நீ இல்லாம ஆக்கல. ஒண்ணு சொல்லுதேன், உம்மாட்ட சொல்லாத.

— என்ன?

— அந்த நிக்காஹ்க்கு அடுத்த வாரத்துல இருந்து வெள்ளிக்கெழம தோறும், ஜும்ஆ தொழுக முடிஞ்சதும், வாப்பா எனக்கு ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்புவாவ. மொதல்ல மூணு நிமிஷம், நாலு நிமிஷம்னு வரும். இப்ப வாறதெல்லாம் ரெண்டு செகண்டு.

— அல்லாவே! எங்க யார்ட்டயும் சொன்னதில்லியே! அழிச்சிட்டியளா?

— ஒண்ணயும் அழிக்கல. போன் மாத்துனப்பவும் கொண்டு வந்தேன். நூத்தம்பதுக்கு மேல இருக்கு.

— அப்ப வாப்பாக்க சத்தம் இருக்கு! அனுப்புங்க காக்கா, இப்பவே அனுப்புங்க. என்ன சொல்லியிருக்காவ அதுல?

— தெரியாது ரிஃபா. ஒண்ணயும் நான் இதுவரைக்கும் போட்டுக் கேட்டதில்ல.