மூச்சைப் பிடியும்

கடைகள் அடைக்கிற நேரம். பாறசாலையில் இருந்து குன்னத்துகால் போகிற ரோடு… இரண்டு பக்கமும் ரப்பர் மரம். விளக்கு கிடையாது. சஜு பைக்கில் தனியாக வந்துகொண்டிருந்தான். நம்ம கூட்டாளி வினீத்தின் அக்காள் ஷீனாவைக் கட்டியவன்.

"எலே, கதவச் சாத்து. கதை கேக்கும்போ சிரிக்கியவன் வெளிய போய் இரி."

சஜுவுக்கு ஸ்கேன் சென்டரில் வேலை. மிஷின் பேசுகிற இங்கிலீஷ் நம்ம ஆட்களுக்குப் புரியவில்லை என்று தன் குரலையே அதில் பதிந்து வைத்திருந்தான். "மூச்ச இழுத்துப் பிடியும்." படம் விழுந்ததும், "இனி விடும்."

சில நாள் முன்பு அங்கே சுவாமிதாஸ் வந்தார். ரப்பர் ஷீட்டைப் புகை போட்டு விற்கிற வயசானவர். உடம்பெல்லாம் அந்தப் புளித்த புகை வாடை. நெஞ்சில் பாரம் என்றார். கை நரம்பில் மருந்து ஏற்றி இதயக் குழாயைப் படம் எடுக்கச் சொல்லியிருந்தார் டாக்டர். அதற்கு மாத்திரை கொடுத்து, நெஞ்சுத் துடிப்பின் வேகம் குறையும்வரை காத்திருக்க வேண்டும். அன்று கோவிலில் உற்சவம். சஜுவுக்குச் செண்டைமேளம் கேட்கப் போக அவசரம். மருந்து ஏற்றாமலே ஒரு படம் எடுத்தான். அதில் சுண்ணாம்பாக இறுகிய அடைப்பு மட்டும்தான் தெரியும். திடீரென்று வெடித்து ஆளைக் கொல்கிற இளகிய கொழுப்பு தெரியாது. அது அவனுக்குத் தெரியும், பாவிப்பய.

"ஒண்ணும் இல்ல அண்ணே. தைரியமாட்டு போவும்."

போனார். இதே ரோட்டு வளைவில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஸ்கூட்டரோடு சரிந்து செத்தார்.

அந்த வளைவில்தான் சஜுவுக்குப் புகை வாடை அடித்தது. பின்சீட் கனத்தது. டயர் அமுங்கியது. காதோரம் ஒரு குரல்… அவனுடைய குரலேதான்.

"மூச்ச இழுத்துப் பிடியும்."

பிடித்தான். 'இனி விடும்' வரும் என்று காத்திருந்தான். வரவில்லை…

பைக்கோடு விழுந்து கிடந்தவனைப் பின்னால் ஜீப்பில் வந்தவர்கள் தூக்கும்போது உதடு நீலம். ஒருத்தர் பதறிப்போய், "மூச்ச விடுடே!" என்று கத்தினார். அப்போதுதான் விட்டான்.

அன்றைக்குப் பிறகு யாராவது சொன்னால்தான் விடுவான். டாக்டர்கள் கைவிரித்துவிட்டார்கள். ஷீனா கட்டில் பக்கத்திலேயே இருந்து ராவெல்லாம் சொல்லுவாள். "விடுங்க… விடுங்க…" எனக்கு அவளை நினைத்தால்தான் வயிறு எரிகிறது.

போன வெள்ளிக்கிழமை அவள் கொஞ்சம் கண் அசந்துவிட்டாள். திடுக்கிட்டு விழித்தால், அறை முழுக்கப் புகை வாடை. சஜுவின் நெஞ்சு உப்பி அப்படியே நிற்கிறது. வாயைத் திறக்கிறாள்… சத்தம் வரவில்லை.

கட்டிலுக்கு அடியில் இருந்து ஒரு வயசானவர் குரல்.

"ஒண்ணும் இல்ல மக்கா. தைரியமாட்டு உறங்கு."