இருமல் டானிக் விளம்பரத்தில் இருந்தவர்

"நான் வரைஞ்ச படமே என் பொண்ணு கல்யாணத்தைக் கெடுத்துருச்சுலா."

சிராங்கூன் ரோட்டில் பஸ் ஊர்ந்துகொண்டிருந்தது. எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவர் பக்கத்திலிருந்த நண்பரிடம் சொன்னார். அவர் விரல்களில் கறுப்பு மை.

"என்ன படம்ணே?"

"பேப்பர்ல வந்த இருமல் டானிக் விளம்பரம். பார்த்து வரையறதுக்கு மாடலா ஒரு ஆளைக் கேட்டா, 'கண்ணாடியைப் பார்த்து வரை'ன்னுட்டாரு முதலாளி. இருமுறவனா என்னையே வரைஞ்சேன். மாப்பிள்ளை வீட்டுக்காரங்க அதைப் பார்த்துட்டு, எனக்கு டி.பி.ன்னு சம்பந்தத்தையே நிறுத்திட்டாங்க."

"டானிக் குடிச்சுக் குணமான ஆளும் அந்தப் படத்துல இருப்பான்ல? அதைக் காட்ட வேண்டியதுதானே?"

"அதுக்கும் என் மூஞ்சியைத்தான் வரைஞ்சேன். முதலாளி அதை அழிச்சுட்டு வெள்ளைக்காரன் மூஞ்சியைப் போடச் சொல்லிட்டாரு."