அழகுக்கு மினுக்கிய ஸ்பிரிங்

களுவாஞ்சிக்குடியில் ஏறிய மட்டக்களப்பு பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இருவர். ஒருவர் கராஜ்காரர், விரலிடுக்கெல்லாம் கிரீஸ். மற்றவர் கத்தாரில் ஸ்பிரிங் கம்பனியில் வேலை செய்து திரும்பியவர் என்பது பேச்சில் தெரிந்தது.

"அடி வாங்கின இரும்புதான் மச்சான் உடையாது" என்றார் கத்தார்க்காரர். என் காது அப்போதுதான் அங்கே போனது.

"என்ன விசர்க்கதை? வண்டிக்கடியில பூட்டுற புது ஸ்பிரிங் பிளேட்டெண்டு வாங்கினன், அம்மை போட்ட மூஞ்சி மாதிரிக் குழி குழியாக் கிடந்திச்சு. கிரைண்டர் போட்டுக் கண்ணாடியா மினுக்கிட்டன்."

"அட நாசமறுப்பானே! சின்னச் சின்ன இரும்புக் குண்டால வேகமா அடிச்சு மேல்தோல இறுக்கின அடையாளம்டா அது. அது இருந்தாத்தான் வெடிப்பு விழாது. நீ உரிச்செடுத்திட்டாய்."

"சும்மா பயப்படுத்தாத."

"எந்த வண்டிக்குப் பூட்டினாய்?"

தேற்றாத்தீவுப் பள்ளத்தில் பஸ் விழுந்து எழும்பியது. கராஜ்காரர் குனிந்து காலடித் தகட்டைப் பார்த்தார்.

"இதுக்கா?"

"போன கிழமை."

நான் என் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். கத்தார்க்காரர் எழுந்து கம்பியைப் பிடித்தார்.

"வா, டிரைவரிட்டச் சொல்லுவம்."

"என்னெண்டு சொல்லுற?"

"அழகுக்குச் செஞ்சதெண்டு சொல்லு."